பன்றிக்கும் எல்க் மானுக்கும் எந்த ரிவால்வர்? கோபித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி, பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது உங்கள் மாமன் தோட்டத்துச் சாளையில் வைத்து நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். டெக்சாஸில் நண்பர்களோடு சேர்ந்து ரைபிளால் காட்டுப்பன்றி சுட்டுப் பழகிவிட்டீர்கள். இனி ரிவால்வரைக் கொண்டே வேட்டைக்குப் போகவும், அடுத்த ஆண்டு கொலராடோ மலைகளில் எல்க் என்னும் பெரிய அமெரிக்க மானைத் தேடவும் ஆசைப்படுகிறீர்கள். கடைக்காரர் உங்களிடம் .500 ஸ்மித் அண்ட் வெஸன் மேக்னம் (குண்டின் விட்டம் அரை அங்குலம், வெடிமருந்து மிகுந்த வகை) ரிவால்வரை எடுத்துக் காட்டி, இதை வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் வேறொன்று வாங்க வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார். அதை வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. தோட்டத்தில் பன்றித் தொல்லை தாங்காத உங்கள் மாமன், இங்கே அப்படி ஒன்று வாங்க முடியுமா என்று கூடவே கேட்டார். இரண்டுக்கும் இங்கே எழுதுகிறேன்.

.500 வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஏழரை அங்குலக் குழலுள்ள, கனமான .44 மேக்னம் ரிவால்வர் ஒன்றை வாங்குங்கள். ஓராண்டு அதில் கைபழகிய பிறகும் எல்க்குக்கு இது போதாது என்று உங்களுக்கே தோன்றினால் அதைவிட வலிமையான .454 கசல் தோட்டா பக்கம் போகலாம். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்தான்.

நான் பீளமேட்டுப் பக்கம் பம்பு செய்யும் பட்டறைகளில் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு ஹூஸ்டனில் பல ஆண்டுகள் எந்திரப் பொறியாளராக வேலை பார்த்தவன். துப்பாக்கியை நான் வீரத்தின் சின்னமாகப் பார்த்ததே இல்லை; எவ்வளவு அழுத்தம், எந்த உலோகம், எவ்வளவு இடைவெளி என்றுதான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கடைக்காரர் உங்களை மயக்கியது போல என்னையும் ஒருவர் மயக்கினார். நண்பர் ஒருவரின் .500 ரிவால்வரை இரவல் வாங்கி, பயிற்சித் திடலில் பத்துத் தோட்டா மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டு, அந்த வார இறுதியிலேயே பன்றி வேட்டைக்குப் போனேன். நாற்பது கஜத்தில் ஓக் மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த கிடாப்பன்றி, நேர்ப்பக்கவாட்டில் நின்றது. அதைவிட எளிதான குறி யாருக்கும் கிடைக்காது. துப்பாக்கியின் குதிரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தி, விழுவதற்கு முன்பே என் கண் மூடிக்கொண்டது, மணிக்கட்டு தானாகக் கீழே அமுங்கியது. நெஞ்சில் பட வேண்டிய குண்டு முன்னங்காலை முறித்தது. இருட்டும் வரை முட்புதருக்குள் இரத்தத் தடம் பார்த்துத் தேடி, கடைசியில் நண்பரின் ரைபிளால்தான் அதன் வேதனையை முடிக்க முடிந்தது. உலகின் மிக வலிமையான ரிவால்வர் என்று பெயர் வாங்கிய ஆயுதம் என் கையில் ஒரு பன்றிக்குக்கூடப் போதவில்லை.

அதற்குக் காரணம் உதைப்பு, அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கிக் கையை அடிப்பது. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 240 கிரெயின், அதாவது பதினைந்தரை கிராம் எடையுள்ள .44 மேக்னம் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, 1.4 கிலோ எடையுள்ள ரிவால்வர் சுமார் 24 ஜூல் ஆற்றலோடு கையை உதைக்கிறது. 350 கிரெயின் குண்டை 550 மீட்டர் வேகத்தில் தள்ளும் .500 ரிவால்வர் இரண்டு கிலோவுக்கு மேல் எடையிருந்தும் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலாகவே உதைக்கும். .454 கசலின் முழு வீச்சுத் தோட்டாவை ஒன்றரைக் கிலோ ரிவால்வரில் போட்டுச் சுட்டால் .500-க்கு அருகில்தான் வந்து நிற்கும். அங்கே ரிவால்வரின் எடை குறைவாக இருப்பதால் அந்த அடி இன்னும் சுருக்கென்று இருக்கும். ரைபிள் உதைத்தால் தோள் வாங்கிக்கொள்கிறது, பின்னால் உடம்பே இருக்கிறது. ரிவால்வரின் உதையை உள்ளங்கையும் கட்டைவிரல் அடிமூட்டும் மணிக்கட்டும் மட்டும்தான் வாங்க வேண்டும். இருபது முறை அடிபட்ட கை, இருபத்தோராம் முறை அடி வருமுன்பே சுருங்கிக்கொள்ளும். வாய்க்காலில் குளிக்கப் பயந்த பிள்ளை தண்ணீர் படும் முன்பே மூச்சை அடக்குவது போலத்தான் இதுவும்.

அப்படியானால் குறைந்த ஆற்றலுள்ள .44 பெரிய விலங்கை வீழ்த்துமா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் ஜூல் கணக்கு ஆளை ஏமாற்றிவிடுகிறது. .44 மேக்னத்தின் ஆற்றல் சுமார் 1,300 ஜூல்; .500-இன் ஆற்றல் 3,400 ஜூல். நீங்கள் இப்போது வைத்திருக்கும் .30-06 ரைபிளோ 3,900 ஜூலைத் தொடுகிறது. ஜூலை மட்டும் நம்பினால் ரிவால்வரைத் தொடவே கூடாது. ரைபிள் குண்டு தன் வேகத்தால் சதையைச் சிதறடித்துக் கொல்கிறது. ரிவால்வர் குண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அது தன் அகலத்துக்கு ஒரு துளையை விலங்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போட்டு, நுரையீரலும் இதயமும் இரத்தம் இழக்கச் செய்துதான் கொல்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது குண்டு எவ்வளவு ஆழம் நேராகப் போகும் என்பதையே.

அந்த ஆழத்தை முடிவு செய்பவை குண்டின் எடையும் வடிவமும்தான். ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து கெட்டியாக வார்த்த, முகப்பு தட்டையாகவும் அகலமாகவும் உள்ள 280 முதல் 300 கிரெயின் வரையிலான குண்டு எலும்பில் பட்டாலும் உருக்குலையாமல், வழிமாறாமல் போகும். கூர்முனைக் குண்டு எளிதாக நுழைவது போலத் தெரியும், ஆனால் உள்ளே போய்த் திரும்பிவிடும். தட்டை முகம்தான் நேராக வழி வெட்டும். மனிதத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்ளவென்று விற்கும், முன்பக்கம் குழிவான குண்டுகளை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். வயது முதிர்ந்த கிடாப்பன்றிக்குத் தோள்பட்டை மேல் குருத்தெலும்புக் கவசம் போலத் தடித்த தோல் இருக்கும், அங்கேயே அந்தக் குண்டு மலர்ந்து நின்றுவிடும். பன்றியின் இதயம் மானுக்கு இருப்பதைவிடக் கீழேயும் முன்னேயும் தள்ளி, முன்னங்கால் மூட்டுக்கு நேர் மேலே இருப்பதையும் நினைவில் வையுங்கள். மானைச் சுட்டுப் பழகியவர்கள் பன்றியின் நடு உடம்பைப் பார்த்துச் சுட்டுக் குடலில் அடித்துவிடுவது வழக்கம்.

இனித் தோட்டா வகைகள். 1935-இல் வந்த .357 மேக்னம், அருகில் நிற்கும் வெண்வால் மானுக்குக் கைதேர்ந்தவர் கையில் போதும். எல்க்குக்குப் பேச்சே இல்லை. 1964-இல் வந்த .41 மேக்னம் நல்ல தோட்டாதான், ஆனால் கடையில் தேடித்தான் வாங்க வேண்டும், அதனால் விட்டுவிடுவோம்.

.44 மேக்னத்தின் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐடாஹோ மாநிலத்துப் பண்ணையாளரும் வேட்டையாளருமான எல்மர் கீத், பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் பல ஆண்டுகள் தானே வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பார்த்து, கம்பெனிகளை விடாமல் நச்சரித்ததன் விளைவாக 1955-இல் ஸ்மித் அண்ட் வெஸனும் ரெமிங்டனும் இதைக் கொண்டுவந்தன. பெயர்தான் .44, குண்டின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம். தோட்டா உட்காரும் அறைக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு என்ற அளவில் நிற்பதால் எந்திரத்துக்கும் ஆயுள் உண்டு, கைக்கும் ஆயுள் உண்டு. இதன் பெரிய வசதி என்னவென்றால் அதே ரிவால்வரில் மென்மையான .44 ஸ்பெஷல் தோட்டாக்களையும் சுடலாம். முதல் ஆறு மாதம் அவற்றைச் சுட்டே பழகுங்கள்.

.454 கசல் வேறு இனம். டிக் கசல் என்பவர் 1950-களின் இறுதியில் உருவாக்கிய இதன் அழுத்தம் 65,000 பவுண்டு, ரைபிள் அளவு. 300 கிரெயின் குண்டை 490 மீட்டர் வேகத்துக்கு மேல் அனுப்பும். எல்க், அதைவிடப் பெரிய மூஸ் மான், பெருங்கரடி எதற்கும் போதும். இதில் 1873 முதல் இருந்துவரும் .45 கோல்ட் தோட்டாவையும் போடலாம், ஆகவே பழக வழி உண்டு. ஆனால் குட்டையான .45 கோல்ட் தோட்டாக்களை நிறையச் சுட்டால் அறையின் உட்புறம் கரிவளையம் படியும். அதைச் சுரண்டி எடுக்காமல் நீளமான .454-ஐத் திணித்தால் அழுத்தம் எகிறும், வெற்றுக்கூடு சிக்கிக்கொள்ளும். எதிர்த்திசைத் தவறு அதைவிட ஆபத்தானது: புதிய கனமான ரிவால்வர்களுக்கென்று மருந்து கூட்டி அடைத்த .45 கோல்ட் தோட்டாக்கள் சந்தையில் கிடைக்கின்றன, அவற்றைப் பழைய 1873 மாதிரி ரிவால்வரில் போட்டால், தோட்டா அறைகள் உள்ள உருளை வெடித்துப் பிளந்துவிடலாம்.

.480 ரூகர் அடக்கமான, நல்ல தோட்டா. எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்கும், ஆனால் கிடைப்பது அரிது. 2003-இல் வந்த .500, 2005-இல் வந்த .460 இரண்டும் ஐந்தே அறைகள் கொண்ட மாபெரும் எந்திரங்கள். பல ஆண்டுகள் .454 சுட்டு மணிக்கட்டு தேறியவர் அவற்றை எடுக்கட்டும். இடுப்பில் இரண்டு கிலோவைக் கட்டிக்கொண்டு பத்தாயிரம் அடி உயர மலையில் ஏறப் போகிறீர்கள் என்றால் பேசாமல் ரைபிளையே தோளில் மாட்டிப் போகலாமே என்பதும் என் கட்சி.

எந்த ரிவால்வர் என்றால், ரூகர் சூப்பர் ரெட்ஹாக். இதன் உடற்சட்டம் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுகிறது. வார்ப்பு என்றதும் அமெரிக்காவிலும் சிலர் முகம் சுளிப்பார்கள். வார்ப்படத் தொழிலிலேயே பாதி ஊர் பிழைக்கும் கோயம்புத்தூரிலிருந்து போன நீங்கள் சுளிக்கத் தேவையில்லை. சரியான எஃகும் சரியான வெப்பப் பதமும் தேவையான இடத்தில் கூடுதல் கனமும் இருந்தால் வார்ப்பு எதிலும் குறைந்ததல்ல, இந்த ரிவால்வரே அதற்குச் சாட்சி. தொலைநோக்கி மாட்டுவதற்கான குடைவுகளைச் சட்டத்திலேயே வெட்டித் தருகிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸன் 629 விசையிழுப்பில் இதைவிட வழவழப்பானது, எடையும் குறைவு; ஆனால் கனத்த தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் சுடுவதற்கு நான் ரூகரைத்தான் நம்புவேன். 1959 முதல் வரும் ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் ஒவ்வொரு முறையும் குதிரையைக் கையால் இழுத்துச் சுட வேண்டிய ஒற்றைச் செயல் வகை. விலை குறைவு, அதன் வளைந்த பிடி உதைக்கும்போது உள்ளங்கையில் உருண்டு மேலே ஏறும். சிலருக்கு அது சுகம், என் கைக்குக் காயம். பழையதாக வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை: 1973-க்கு முன் வந்த ரூகர் ஒற்றைச் செயல் ரிவால்வர்களில், குதிரை தட்டுப்பட்டாலும் தவறி வெடிக்காமல் காக்க இடையில் ஏறி இறங்கும் பாதுகாப்புத் தகடு கிடையாது, திருத்தப்படாத துப்பாக்கியானால் குதிரைக்கு நேரே ஓர் அறையைக் காலியாக விட்டு, ஐந்து தோட்டா மட்டும்தான் போட வேண்டும். வயோமிங் மாநிலத்தில் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் செய்யும் மாடல் 83 ஒரு கடிகாரம் போன்ற வேலை. உருளையின் அறைகளைக் குழலின் நேர்கோட்டிலேயே வைத்துக் குடைகிறார்கள் என்று அறிந்தபோது லேத்தில் வளர்ந்த எனக்குக் கை கூப்பத் தோன்றியது. விலையைக் கேட்டதும் கையை இறக்கிக்கொண்டேன்.

பழைய ரிவால்வரை வாங்கினால் கடையிலேயே, தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குதிரையை மெல்ல இழுத்து ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பூட்டிய உருளையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தால் வேண்டாம். உருளைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஒரு ஃபீலர் கேஜ் தகடு சட்டைப்பையில் இருந்தால் நொடியில் தெரிந்துவிடும். அந்த இடைவெளி வழியாகத்தான் ஒவ்வொரு முறையும் தீயும் உலோகத் துகளும் பக்கவாட்டில் பீறிடுகின்றன. ரைபிள் பழக்கத்தில் இடது கையை முன்னால் கொண்டுபோய்க் குழலைத் தாங்கினால், பெரிய தோட்டாக்களில் விரலே துண்டாகிவிடலாம். இரண்டு கையும் பிடியில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் ரைபிள்காரர்களுக்குத் தெரியாது. உதைப்பு கடுமையாக இருக்கும்போது, இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து மெல்ல முன்னே நழுவும். கொஞ்சம் வெளியே வந்தால் உருளை சுழலாமல் சிக்கிவிடும், விலங்கு எதிரே நிற்க உங்கள் கையில் இருப்பது வெறும் இரும்புக்கட்டி. புதுவகைத் தோட்டா வாங்கியதும் ஆறில் ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதன் நீளத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்த வகையை வேட்டைக்கு எடுக்காதீர்கள்.

தூரத்தைப் பொறுத்தவரை அமெரிக்க நண்பர்கள் இருநூறு கஜக் கதைகள் நிறையச் சொல்வார்கள். .44-ஐ 50 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால் 100 கஜத்தில் குண்டு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் கீழே இறங்கும், 150 கஜத்தில் ஒரு முழம் இறங்கும். தூரத்தைக் கண்ணால் மதிப்பதில் இருபது கஜம் பிசகினால் குண்டு வயிற்றிலோ காலிலோ படும். நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு இது: உட்கார்ந்து, குச்சித்தாங்கியில் கையை வைத்து, ஒரு தேங்காய் அளவு வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்தும் எவ்வளவு தூரத்தில் போடுகிறேனோ, அதில் முக்கால் பங்கு தூரம்தான் என் வேட்டைத் தூரம். என் நல்ல நாட்களிலும் அது எழுபத்தைந்து கஜத்தைத் தாண்டியதில்லை. நாற்பது வயதைத் தாண்டினால் வெறும் குறிமுள் மங்கும். கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் செம்புள்ளிக் குறி ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். தொலைநோக்கி மாட்டினால் கைத்துப்பாக்கிக்கென்றே செய்த, கண்ணிலிருந்து எட்டி நிற்கும் வகைதான் வேண்டும். ரைபிள் தொலைநோக்கி நெற்றியைப் பிளந்துவிடும்.

கண் மூடும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. நண்பரிடம் கொடுத்து, ஆறு அறைகளில் மூன்றில் மட்டும் தோட்டாவும் மற்றவற்றில் சுட்டுமுடித்த வெற்றுக்கூடுகளும் உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். வெற்றுக்கூட்டின் மேல் குதிரை விழும்போது குழல் முனை கீழே குனிந்தால் உண்மை தெரிந்துவிடும். அன்றைக்குப் பெரிய தோட்டாவை மூட்டை கட்டிவிட்டு மென்மையானவற்றுக்குத் திரும்புங்கள். காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் கவிப்பானும் சேர்த்தே போடுங்கள். வேட்டையின்போதும் ஒன்றாவது இருக்க வேண்டும். பாதுகாப்பில்லாமல் ஒரே ஒரு முறை சுட்டாலும் கேட்கும் திறனில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போகலாம். என் இடது காதில் இப்போதும் சில்வண்டு கத்துகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் பச்சை அட்டை வந்துவிட்டதால், இருபத்தொரு வயது நிறைந்தவர் என்ற முறையில் உரிமம் பெற்ற கடையில் படிவம் நிரப்பிக் கைத்துப்பாக்கி வாங்கலாம். உங்களோடு அறையில் இருக்கும் எச்-1பி நண்பருக்கு அது பொருந்தாது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முதலான சில விலக்குகள் மட்டுமே உண்டு. டெக்சாஸில் 2019 முதல் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுடுவதற்கு வேட்டை உரிமமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதை நம்பி அந்த நண்பர் உரிமம் எடுக்காமல் உங்கள் ரிவால்வரைக் கையில் வாங்கினால் மாட்டிக்கொள்வது அவர்தான். ஆகவே தேவையில்லாவிட்டாலும் உரிமம் எடுக்கச் சொல்லுங்கள். எல்க்குக்குக் கைத்துப்பாக்கியின் குழல் நீளம், குண்டின் விட்டம், ஆற்றல் ஆகியவற்றுக்கு மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்ச வரம்பு வேறுபடும். அந்த ஆண்டுக்கான கொலராடோ வேட்டை விதிநூலைப் படித்துவிட்டே தோட்டா வாங்குங்கள்.

மாமனிடம் என் பதிலைத் தயவுசெய்து பக்குவமாகச் சொல்லுங்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, மஞ்சளையும் நிலக்கடலையையும் உழுது போட்ட பன்றியானாலும் தோட்டக்காரர் தாமாகச் சுட முடியாது. தமிழ்நாட்டில் 2025-இல் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், விவசாயிக்கு அந்த அதிகாரம் இல்லை. இங்கே உரிமத்தின் பேரில் கிடைக்கும் .32 ரிவால்வரின் ஆற்றல் .44 மேக்னத்தின் ஆறில் ஒரு பங்கைக்கூடத் தொடாது, அதனால் பன்றியைச் சுட்டால் பன்றிக்குக் கோபம்தான் வரும். அந்தப் பக்கத்தில் சிலர் வைக்கும் அவுட்டுக்காய் என்னும் வெடியிரையும் திருட்டு மின்கம்பியும் யானையைக் கொல்கின்றன, சில நேரம் ஆளையும் கொல்கின்றன; மாமன் அந்தப் பக்கம் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். பயிர்ச்சேத மனுவை, சேதம் நடந்த உடனே, படத்தோடு வனச்சரக அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வேட்டைக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு வரும்போது எடுத்து வராதீர்கள். ஓரப்பையின் தையலுக்குள் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா கோயம்புத்தூர் விமான நிலையத்துச் சோதனையில் அகப்பட்டாலும் ஆயுதச் சட்ட வழக்கு வரும், உங்கள் விடுமுறை முழுவதும் காவல் நிலையத்துக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடப்பதில் போய்விடும். வேட்டைக்கென்று தனியாக ஒரு பையை ஒதுக்கி, அதை அமெரிக்க வீட்டிலேயே பூட்டி வையுங்கள்.